எல்லா நோய்க்கும் ஒரே மருந்தா?

‘திருத்துதல்’ என்பது தமிழிலே பெருமை மிக்க சொற்களுள் ஒன்று. காடு திருத்திக் கழனி கண்டார் என்கிறோம். பிழை திருத்தினார் என்கிறோம். தம்மைத் திருத்திக்கொண்டார் என்கிறோம். கெட்டுப்போனதை முற்றாக அழித்துவிடுவது திருத்தமன்று. கெட்டதனுள்ளே கெடாதது எது எனக் கண்டு, அதனைப் பேணிக் குறையை மட்டும் நீக்குவதே திருத்தம். ஆசிரியத் தொழில் செய்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மாணவனொருவன் எழுதிய கட்டுரையிலே பத்துப் பிழைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அவற்றைத் தேடிச் சிவப்பு மையாற் சுட்டிக்காட்டாமல், கொப்பியைக் கிழித்து அடுப்பிலிட்டு, “புதுக் கொப்பி வாங்கி வா, என் கூலியையும் கொண்டு வா” என்று சொன்னால் அவரை நாம் ஆசிரியர் என்போமா?

என்ன மாட்டோம். ஆயினும், இதே வேலையைச் செய்பவரைக் கணினி திருத்துநர் என்று அழைக்கிறோம். அவர் கேட்ட கூலியை எண்ணி வைக்கிறோம். கிழிக்கப்பட்ட கொப்பியைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் அஞ்சி வீடு திரும்புகிறோம். இந்த அச்சத்தைப்பற்றியும், இந்த அச்சத்தையே முதலாக வைத்து நடைபெறும் வாணிகத்தைப்பற்றியுமே இங்குப் பேச விழைகிறோம்.

ஹாலிஎல பெருநகரன்று. பதுளைக்கு ஒரு புகையிரத நிலையம் முன்னதாக, பண்டாரவளை வீதியும் வெலிமடை வீதியும் கூடுமிடத்தில் அமைந்த சிற்றூர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இங்குத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எமக்குக் கணினி நகரத்து அலங்காரப் பொருளாகத் தோன்றவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, லயத்து வீடொன்றில் ஒரேயொரு கைபேசி பழுதானால் அவ்வீட்டின் மூன்று பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடமே பழுதாயிற்று. இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்ததோ 1970களின் பிற்பகுதியிலிருந்து, அதுவும் படிப்படியாகவே. எல்லாம் பிந்தி வந்து சேரும் இம்மலைகளுக்குக் கணினியும் பிந்தியே வந்தது. அரசாங்கத் திட்டமாக, வெளிநாட்டு உதவியாக, நலன்விரும்பிகளின் கொடையாகப் பெட்டி பெட்டியாக வந்தது. வந்த நாளிலே நாடா வெட்டப் பலர் வந்தனர். படம் பிடிக்கப் பலர் வந்தனர். பழுதான நாளிலே வந்தவர் ஒருவருமிலர். அன்றைக்கு அதிபரும் ஆசிரியரும் பெட்டியைப் படுக்கை விரிப்பிலே சுற்றி, முச்சக்கர வண்டியில் மடியிலே வைத்துக்கொண்டு நகரத்துக் கடையைத் தேடிப் போகவேண்டியதாயிற்று. திருத்துநரின் இராச்சியம் அங்கிருந்தே தொடங்குகின்றது.

அந்த இராச்சியத்துக்குச் சாதியில்லை, மதமில்லை, மொழியுமில்லை. கடைக்காரர் தமிழராயினும் சிங்களவராயினும் முஸ்லிமாயினும் அறியாமை ஒன்றாகவே இருக்கின்றது. திறமையுள்ளவர்கள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. இருக்கிறார்கள், அவர்கள் அரியர். அரியராயிருப்பதே எமது முறைப்பாடு.

கணினியைக் கையிற் கொடுத்தவுடன் கடைக்காரர் கேட்கும் கேள்விகள் எத்தனை? என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது, மின்னல் முழக்கத்தின் பின் நேர்ந்ததா, ஒலி ஏதும் கேட்டதா என்று ஒன்றும் கேட்பதில்லை. திரையை ஒருமுறை பார்க்கிறார், “வைரஸ், போமட் அடிக்கணும்” என்கிறார். மெதுவாக ஓடினாலும் போமட். ஓடாது நின்றாலும் போமட். அச்சுப்பொறி அச்சிட மறுத்தாலும் போமட். தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும் போமட்.

முன்னாளிலே தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு பெரிய போத்தல் இருக்குமென்று எமது பெரியோர் சொல்வர். காய்ச்சலென்று போனவளுக்கும், வயிற்றுவலியென்று போனவனுக்கும், நெஞ்சு நோவென்று போன கிழவனுக்கும் அதே போத்தலிலிருந்து அதே நிறத் தண்ணீரே ஊற்றிக் கொடுக்கப்பட்டதாம். கூலிக்காரன் உடம்புக்கு அதிக ஆராய்ச்சி வேண்டியதில்லை என்னும் எண்ணமே அந்தப் போத்தலுக்குள் இருந்த மருந்து. இன்று அந்தப் போத்தல் பென் டிரைவ் வடிவிலே கணினிக் கடையின் மேசையிற் கிடக்கின்றது. நோயாளி மாறியிருக்கிறார்; எண்ணம் மாறவில்லை.

அறிவு மறைபொருளாக இருக்கும்வரையிலேதான் போலி வைத்தியனுக்கு வாழ்வு. ஆகவே, மறைபொருள் போலக் காட்டப்படும் சிலவற்றை இங்கு வெளிப்படையாகவே சொல்லிவிடுவோம்.

கணினியின் மதர்போட்டிலே நாணயமளவான சிறு மின்கலம் ஒன்றுண்டு. மூன்று வோல்ட் வலுவுடையது. மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும் வேளையிலும் நாளையும் நேரத்தையும் காத்து நிற்பது அதுவே. சில ஆண்டுகளில் அது வலுவிழக்கும். அப்போது கணினி காலைதோறும் ஏதோவொரு பழைய ஆண்டைக் காட்டும். நாள் பொருந்தாமையால் இணையத்தளங்கள் பலவும் கதவை அடைத்துக்கொள்ளும். மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கக்கூடிய அம்மின்கலத்தை மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். எமது பாடசாலைக் கணினிக்கு இந்நோய் கண்டபோது ஒருவர் விண்டோஸ் கெட்டுவிட்டதென்றார். மற்றொருவர் மதர்போட் போய்விட்டதென்றார். மூன்றாவது கடையிலிருந்த முதியவர் ஒருவரே மின்கலத்தை மாற்றி, அதன் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஊவாவின் மூடுபனியும் ஈரமும் பொறிகளுக்குப் பகை. நினைவகமாகிய ரேம் அட்டையின் பொன்னிற விளிம்பிலே அழுக்குப் படிந்தால், கணினி ‘பீப்’ என்று கத்தும். திரையோ இருண்டு கிடக்கும். அட்டையைக் கழற்றி விளிம்பை மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்தினால் பலமுறை உயிர்பெற்றுவிடும். அந்தக் கத்தலும் வெறும் கத்தலன்று. ஒலி எத்தனை, குறிலா நெடிலா என்பதற்கெல்லாம் தயாரித்தவர்கள் பொருள் வகுத்திருக்கிறார்கள். பொறி தன் நோயைத் தன் வாயாலேயே சொல்கின்றது. கேட்கத் தெரிந்தவர்தாம் இல்லை. அவ்வாறே, விசிறியிலே தூசி அடைத்துச் சூடேறிய கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்; சில வேளை தானே அணைந்தும் போகும். ஒரு தூரிகையாலே தீரவேண்டிய இதற்கும் வைரஸ் என்றே பெயர் சூட்டப்படுகின்றது.

இவையெல்லாம் பணத்தை வீணாக்கும் பிழைகள். இதனிலும் கொடிய பிழை ஒன்றுண்டு. தகவல்களைத் தாங்கும் ஹார்ட் டிஸ்க் நலியத் தொடங்கும்போது கணினி தடுமாறும். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று ஒலிப்பதும் உண்டு. அந்நிலையிலே திருத்துநரின் முதற் கடமை உள்ளிருப்பவற்றைப் படியெடுத்து வேறிடத்திற் சேர்ப்பதே. அங்கே போமட் என்பது மருந்தன்று, நஞ்சு. இன்னுமொன்று: பழைய சுழலும் டிஸ்க்குகளிலே விரைவாகச் செய்யப்படும் போமட் எல்லாவற்றையும் அந்தக் கணத்திலேயே அழித்துவிடுவதில்லை. நூலகத்தின் அட்டவணையை எரிப்பதற்கு அதனை ஒப்பிடலாம். அட்டவணை போனாலும் நூல்கள் அலுமாரியிலேயே இருக்கும். அக்கணமே கையை எடுத்துவிட்டால் மீட்பதற்கு வழியுண்டு. எமது திருத்துநர் கையை எடுப்பதில்லை. அதன்மேலேயே புதிய விண்டோஸை ஏற்றி, நூல்களின்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டு, “இப்ப புதுசு மாதிரி ஓடும்” என்கிறார்.

தமிழாசிரியர் என்ற முறையிலே மற்றொரு கொடுமையையும் சொல்லாதிருத்தல் இயலாது. யுனிகோட் முறை பரவுமுன்னர் இலங்கையிலே பாமினி முதலிய எழுத்துருக்களால் தட்டெழுதப்பட்ட தமிழ்க் கோப்புகள் எண்ணிறந்தன: வினாத்தாள்கள், சஞ்சிகைகள், சங்கக் கடிதங்கள், கவிதைகள். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அவற்றைத் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் குப்பையொன்று தெரியும். கோப்புக் கெடவில்லை, அதன் உடை மட்டுமே காணாமற்போயிருக்கின்றது. எழுத்துருவை மீண்டும் நிறுவினாற் போதும். யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகளும் விலையின்றியே கிடைக்கின்றன. இதனை அறியாத திருத்துநர், “இதெல்லாம் வைரஸ் சாப்பிட்டது” என்று சொல்லித் தாமே அழித்தும் விடுகிறார். பின்னர், தமிழிலே ஒரு வரிகூடத் தட்டெழுத இயலாத நிலையிலே கணினியைத் தமிழ்ப் பாடசாலைக்குத் திருப்பித் தருகிறார்.

இதனால் விளையும் இழப்பு எத்தகையது என்பதற்கு எமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்வோம். எமது மாணவர் சிலர் ஈராண்டுகளாகச் சனி ஞாயிறு தினங்களிலே லயங்களுக்குச் சென்று முதிய பெண்களின் பாடல்களைக் கைபேசியிலே பதிவு செய்தனர். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்தெடுக்கையில் ஒருத்தி தொடங்க மற்றவர்கள் பின்பாடுவன, கங்காணியைச் சாடையாக ஏசுவன என எழுபதுக்கு மேற்பட்ட பாடல்கள். கைபேசிகளிலே இடம் போதாமையால் அவை பாடசாலைக் கணினிக்கு மாற்றப்பட்டன. அது தடுமாறத் தொடங்கியவுடன், படியெடுத்துத் தருமாறு கேட்பதற்காகவே நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுசென்றோம். ‘உள்ளிருப்பவற்றை அழிக்க வேண்டாம், முதலிற் படியெடுக்கவும்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டினோம், வாயாலும் சொன்னோம். நான்கு நாட்களின் பின்னர் கணினி துடைத்துப் பளபளவென்று திரும்பி வந்தது. பாடல் ஒன்றேனும் இல்லை. “அதெல்லாம் போயிருச்சு சேர், போமட் அடிச்சா போகும்தானே” என்றார் அவர், மழை பெய்தால் மண் நனையுந்தானே என்று சொல்பவரைப்போல. நாம் ஒட்டிய தாள் பெட்டியின்மேல் ஒட்டியபடியே இருந்தது. பாடியவர்களுள் இருவர் இப்போது உயிருடன் இல்லை.

சி. வி. வேலுப்பிள்ளை இம்மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டியிராவிட்டால் இன்று எம்மிடம் எஞ்சியிருப்பது என்ன? ஏட்டிலே எழுதப்படாத மக்களுக்குப் பாடலே ஏடு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் எம்மவரின் பெயர்கள் நாட்டின் பதிவேட்டுக்கு வெளியே தள்ளப்பட்டன. மீண்டும் உள்ளே வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. ஒரு கடைப் பையனின் கைப்பிழையை அந்தச் சட்டத்தோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. ஆனால், ஒருமுறை பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட மக்களின் நினைவு இத்துணை மலிவாக மீண்டும் நீக்கப்படுவதைச் சிறு சங்கதியாகக் கொள்ள எம்மால் இயலாது.

பணக்கணக்கையும் பார்த்துவிடுவோம். 2024 செப்டெம்பரில் வெளியான வர்த்தமானி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலியை 1350 ரூபாவாக நிர்ணயித்தது. அக்கணக்கின்படி 13,500 ரூபாப் பற்றுச்சீட்டு என்பது பத்துநாட் கொழுந்து. அட்டைக்கடியிலும் மழையிலும் பத்து நாள் மலையேறி இறங்கிய ஒரு தாயின் உழைப்பு, ஒரு சிறு மின்கலத்தால் தீர்ந்திருக்கவேண்டிய பழுதுக்காகக் கடைக்காரரின் லாச்சிக்குள் விழுகின்றது. கழற்றிய பாகம் எங்கே என்று அவள் கேட்பதில்லை, கேட்டாலும் காட்டுவதில்லை. அது உண்மையிலே கெட்டிருந்ததா, அன்றி அடுத்த வாடிக்கையாளரின் பெட்டியிலே ‘புதிய’ பாகமாகக் குடியேறிவிட்டதா என்பதைக் கடவுளும் கடைக்காரரும் மட்டுமே அறிவர்.

இவ்வாறு நாம் சொல்லும்போது மூன்று விதமான மறுப்புகள் எழுகின்றன.

கூலி குறைவாகக் கொடுத்தால் வேலையும் குறைவாகத்தான் இருக்கும் என்பது முதல் மறுப்பு. நாம் மலிவான வேலையைக் கேட்கவில்லை. உண்மையான வேலையைக் கேட்கிறோம். பழுதைத் தேடிய உழைப்புக்கு ஒருவர் கூலி கேட்டால், பழுது தீராவிட்டாலும் அது கொடுக்கத்தக்கதே. தேடாத பழுதுக்குக் கேட்கும் கூலியையே நாம் மறுக்கிறோம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொறிகளைப் பாவிக்கத் தெரியாது. கொடுத்ததையெல்லாம் கெடுத்துவிடுவார்கள் என்பது இரண்டாம் மறுப்பு. இதனைச் சொல்பவர்கள் ஒருநாளாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்த்திருக்க வேண்டும். பாட்டன் காலத்துக் கொழுந்துருட்டும் ரோலர்களை இன்றைக்கும் ஓட வைத்துக்கொண்டிருப்பவர் யார்? லயத்திலே பிறந்து, எண்ணெய்த் துணியோடு எடுபிடியாக நுழைந்து, தமக்கு முந்திய பிட்டரின் கையைப் பார்த்துத் தொழில் பயின்ற பிட்டர்களே. தாங்கியிலே தேய்வு வந்திருப்பதை ஓசையைக் கேட்டே சொல்லக்கூடிய செவி அவர்களுக்குண்டு. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். 1954இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவிலிருந்து இந்நாட்டுக்கு வந்த டீசல் எஞ்சின்களுட் சில, இரத்மலானைப் பட்டறையிலே மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டு அறுபது ஆண்டுகளைக் கடந்தும் ஓடின. அமெரிக்கத் தடைக்குள் அகப்பட்ட கியூப மக்கள் 1950களின் மோட்டார் வண்டிகளைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டிக் காட்டினர். பொறி நீடித்து வாழ்வதும் வாழாததும் அதனைப் பாவிப்பவரின் பிறப்பைப் பொறுத்ததன்று. திருத்துங்கலை அங்கு வாழ்கின்றதா என்பதைப் பொறுத்தது. நூறாண்டு இரும்பு ஓடுகின்ற அதே தோட்டத்திலே ஐந்தாண்டுக் கணினி சாகின்றதென்றால், பிட்டருக்குக் கிடைத்த குருவும் காலமும் கணினிப் பையனுக்குக் கிடைக்கவில்லை என்பதே பொருள்.

மூன்றாம் மறுப்பு எமது சொந்த அணியிலிருந்தே வருகின்றது. “அவனும் ஒரு தொழிலாளிதானே? கடையிலே நாள் முழுதும் நின்று உழைக்கும் ஏழை இளைஞனை ஏன் தாக்குகிறீர்கள்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இக்கேள்வியை மதிக்கிறோம். ஆனால், தொழிலாளி வர்க்கத்தின் பெருமை அதன் வறுமையிலில்லை. அதன் திறமையிலே இருக்கின்றது. தச்சன், கொல்லன், பிட்டர் ஆகியோர் தம் கைவினையிலே கொண்ட மானத்தாற்றான் முதலாளியின் முன்னே நிமிர்ந்து நிற்க முடிந்தது. அறியாததை அறிந்ததாகக் காட்டி, தன்னைப்போன்ற மற்றொரு தொழிலாளியின் பத்து நாட்கூலியைப் பறிப்பதை வர்க்க ஒற்றுமை என்னும் போர்வையாலே மூடிவிட முடியாது.

ஆயினும் அவ்விளைஞனோடு எமது வழக்கை முடித்துக்கொள்ளவும் முடியாது. அவன் ஏன் அவ்வாறு செய்கிறான் என்று கேட்கவேண்டும். பழுதொன்றை மூன்று மணிநேரம் பொறுமையாகத் தேடுபவனைக் காட்டிலும், அரைமணியிலே போமட்டைத் தொடங்கிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகின்றவனே கடை முதலாளிக்கு இலாபம் தருபவன். தேடுதல் முதலாளிக்கு நட்டம், அழித்தல் இலாபம். இந்தக் கணக்குள்ளவரை, நல்ல மாணவனும் அக்கடையிலே கெட்ட திருத்துநனாகவே ஆவான். சிலமாத வகுப்பும் வர்ணச் சான்றிதழும் கொடுத்து அவனை அனுப்பியவர்கள் வோல்ட்டுமானியைப் பிடிக்கக் கற்பித்தார்களா என்பது ஐயம். “எனக்குத் தெரியாது” என்று சொல்லும் சுதந்திரங்கூட அவனுக்கு இல்லை. சொன்னால் வேலை போய்விடும்.

அரசின் பொறுப்பு இதனினும் பெரிது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம் நிலை, வாழ்க்கைத் தொழிற் கல்வி ஆணைக்குழு அமைந்தது. பின்னர் ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழில்சார் தகைமை முறையும் வந்தது. தாளிலே எல்லாம் ஒழுங்கு. ஆனால், கணினித் திருத்தக் கடையொன்றைத் திறப்பவரிடம் அத்தகைமை உண்டா என்று கேட்பார் யார்? எமது மாணவனொருவன் சாதாரண தரத்தின் பின் இத்தொழிலைப் பயில விரும்பி ஓரிடத்தில் விசாரித்தபோது, வகுப்பு சிங்களத்திலே மட்டும் நடைபெறுகிறது என்ற விடை கிடைத்தது. தமிழிலே கற்பதற்கு நூலுமில்லை, கற்பிப்பதற்கு ஆளுமில்லை, வெளியூர் சென்று கற்கப் பணமுமில்லை. 2005இல் பதுளையிலே நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. அதன் வாயிலிலிருந்து ஹாலிஎலத் தோட்டப் பாடசாலைகளுக்குப் பத்து மைலும் இல்லை. அந்தப் பத்து மைலைக் கடந்து அறிவு இன்னும் வந்து சேரவில்லை.

எல்லாருக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத தொலைவிலே அமர்ந்திருப்பவர்கள் பொறிகளை விற்கும் பெருநிறுவனத்தார். திருத்தப்படாத பொருளே அவர்களுக்கு உகந்த பொருள். கழற்ற முடியாதபடி மின்கலத்தைப் பசையால் ஒட்டுகிறார்கள். ரேமைப் பலகையோடு பற்றவைக்கிறார்கள். கடையிற் கிடைக்காத வடிவிலே திருகாணி செய்கிறார்கள். மின்சுற்று வரைபடத்தைப் பூட்டி வைக்கிறார்கள். விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதன் வாரிசான விண்டோஸ் 11, குறித்த பாதுகாப்புச் சில்லு இல்லாத பொறிகளை ஏற்க மறுக்கின்றது. நேற்றுவரை நன்றாக ஓடிய கணினி ஓர் அறிவித்தலினாலே கிழடாயிற்று! லினக்ஸ் போன்ற விலையற்ற மென்பொருளை ஏற்றினால் அத்தகைய கணினிகள் பலவும் இன்னும் பல ஆண்டுகள் பாடசாலைக்கு உழைக்கும் என்பதை எமக்குச் சொல்லவேண்டியவர் திருத்துநர். அவரோ விற்பனையாளரின் வாயாக நின்று “புதுசு வாங்குங்க” என்கிறார். உலகம் 2022இல் மட்டும் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியதென்று 2024இல் வெளியான ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. அதிலே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால்பங்கிலும் குறைவு. ‘புதுசு வாங்குங்க’ என்னும் இரண்டு சொற்களின் எடை அது.

மேல்நாட்டு மக்கள் இதனை வாளாவிருந்து பார்க்கவில்லை. ‘இவ்வொட்டியைக் கிழித்தால் உத்தரவாதம் இல்லை’ என்று பயமுறுத்தும் நிறுவனங்களை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018இல் எச்சரித்தது. பிரான்ஸ் 2021 முதல், ஒரு கணினியை வாங்குமுன்னரே அது எவ்வளவு திருத்தத்தக்கது என்பதைப் புள்ளியிட்டுக் காட்டும்படி விற்பனையாளரைப் பணித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இலே திருத்தும் உரிமைக்கெனத் தனியொரு நெறிமுறையை நிறைவேற்றியது. இந்தியாவும் 2022இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. செல்வ நாடுகளே திருத்தும் உரிமைக்காகப் போராடும்போது, டொலர் இன்மையால் 2022இலே எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற எமது நாடு, திருத்தத்தக்க பொறிகளைக் குப்பையிலே கொட்டிவிட்டுப் புதியவற்றை இறக்குமதி செய்வது எந்தப் பொருளாதாரம்? திருத்தத் தெரியாத நாடு என்றென்றும் வாங்கிக்கொண்டிருக்கும் நாடாகவே இருக்கும். வாங்கிக்கொண்டே இருப்பவன் கடன்பட்டவன். கடன்பட்டவனின் நிலை என்ன என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை.

செய்யவேண்டியவை தெளிவானவை. கணினித் திருத்தத் தொழிலுக்குத் தகைமை கட்டாயமாக்கப்பட வேண்டும். அத்தகைமையைத் தமிழ்மொழி மூலமும் ஊவாவிலேயே பெறும் வசதி வேண்டும். பாடசாலைக்குக் கணினி வழங்கும் ஒவ்வொரு திட்டத்திலும் அதனைப் பேணுவதற்குரிய பணமும் சேர்த்தே ஒதுக்கப்பட வேண்டும். பேணுதலற்ற கொடை விளம்பரமேயன்றிக் கொடையன்று. கல்வி வலயந்தோறும் ஒரு திருத்தப் பட்டறை அமையவேண்டும். அங்கே பல்கலைக்கழக மாணவரும், கைதேர்ந்த திருத்துநரும், எமது உயர்தர மாணவரும் ஒரே மேசையிலிருந்து பழகவேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003 முதல் இந்நாட்டில் இருக்கின்றது. நாம் எல்லோரும் ஒன்றுசேர்ந்து சில கேள்விகளை வழக்கமாக்கிக்கொள்வோம். பழுது என்னவென்று எழுதித் தாருங்கள். அதனை எவ்வாறு கண்டீர்கள் என்று சொல்லுங்கள். எமது எழுத்து அனுமதியின்றி ஒன்றையும் அழிக்கக் கூடாது. கழற்றிய பாகத்தைத் திருப்பித் தாருங்கள். கூலி வேறு, பாகத்தின் விலை வேறு என்று காட்டிப் பற்றுச்சீட்டுத் தாருங்கள். இவற்றை நாளை அதிபர் கேட்கட்டும். மறுநாள் மாணவன் கேட்கட்டும். அதற்கு மறுநாள், வங்கிப் புத்தகத்தோடு மகளின் கைபேசியையும் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டு நகரத்துக்கு வரும் கொழுந்துக்காரத் தாய் கேட்கட்டும்.

முதல் நாளிலே கடைக்காரர் முகஞ்சுளிப்பார். பத்தாம் நாளிலே எரிந்து விழுவார். நூறாம் நாளிலே விடை சொல்வதற்காகவேனும் கற்றுக்கொள்வார். கற்க மனமில்லாதவர், திருத்துமிடம் என்னும் பலகையைக் கழற்றிவிட்டு, விற்குமிடம் என்று நேர்மையாக எழுதி மாட்டட்டும்.